பேரேட்டில் கைவைக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சென்னை வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்திலேயே சொந்தமாக சாஃப்ட்வேர் தொழில் தொடங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். முதல் வேலையாக ஒரு தானிய மண்டியின் பழைய பில்லிங் சாஃப்ட்வேரை வெப் அப்ளிகேஷனாக மாற்றித் தர ஒப்புக்கொண்டிருக்கிறாயாம். ரொம்ப சந்தோஷம். 2024 பிப்ரவரியில் வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் டைடல் நியோ பூங்கா திறந்ததிலிருந்து ஐ.டி. வேலை நம் மாவட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அங்கே போக நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். திண்டிவனம் நேரு வீதியிலும் விழுப்புரம் எம்.ஜி. சாலையிலும் கடை வைத்திருப்பவர்களின் கணக்கைப் பொறுப்பாகப் புதுப்பித்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் வயதுக்காரர்கள் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மண்டிக்காரர் உன்னை நம்பி ஒப்படைப்பது அவருடைய பேரேட்டை. அதிலுள்ள ஒவ்வொரு நிலுவையும் பைசா மாறாமல் புதிய இடத்துக்கு வந்து சேரவேண்டும். அழகான திரை, மொபைல் ஆப், வாட்ஸ்அப்பில் பில் எல்லாம் அதற்குப் பிறகு.

நீ திறக்கப்போவது பெரும்பாலும் பாக்ஸ்புரோவாகவோ விஷுவல் பேசிக் 6 ஆகவோ இருக்கும். பாக்ஸ்புரோவை மைக்ரோசாஃப்ட் 1992இல் வாங்கியது. இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று 2007இல் அறிவித்தது. 2015 ஜனவரியோடு ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. ஆனாலும் மண்டியில் அது ஓடுகிறது. கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார், ஏன் என்று புரியும். அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. என்டர், என்டர், மூட்டை எண்ணிக்கை, என்டர், எடை, என்டர். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் துப்புகிறது. மல்லாட்டை வரத்து நேரத்தில் வாசலில் வண்டிகள் நிற்க, ஒவ்வொரு கட்டத்துக்கும் மவுஸைத் தேட வைக்கிற உன் புதிய திரையை அவர் இரண்டாம் நாளே மூடிவிடுவார். அது அவர் குற்றமாகாது. கீபோர்டை விட்டுக் கை எடுக்காமல் ஒரு பில் முடியும்படி செய்துவிட்டு மற்றதைப் பேசு. விவசாயியின் பெயருக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைக்காதே. நம் ஊரில் ஆளை அடையாளம் காண்பது இனிஷியலாலும் அப்பா பெயராலும் ஊர்ப் பெயராலும்தான்.

டேட்டாவை எடுக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள், அங்கே கொஞ்சம் நிற்கிறேன். பாக்ஸ்புரோவில் ஒரு பதிவை அழித்தால் அது போய்விடாது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஓர் எழுத்துக்கு இடம் இருக்கிறது. அழிக்கும்போது அங்கே ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ‘பேக்’ என்ற கட்டளை கொடுத்தால்தான் பதிவு உண்மையில் நீங்கும். அந்தக் கட்டளையைப் பல வருடமாக யாருமே கொடுக்காத கடைகள் உண்டு. நட்சத்திரத்தைக் கவனிக்காமல் எல்லாப் பதிவுகளையும் அப்படியே புதிய டேட்டாபேஸில் கொட்டினால், என்றோ ரத்து செய்த பில் உயிர் பெற்று எழும். அடைத்த கடன் பாக்கி என்று நிற்கும். பணம் கட்டி முடித்த மனிதரிடம் மண்டிக்காரர் மறுபடி கேட்டால், இழப்பு மண்டியின் பெயருக்கு.

அடுத்தது வருடத்துக்கு ஒரு ஃபோல்டர். பாக்ஸ்புரோவில் ஒரு டேபிள் 2 ஜி.பி.க்கு மேல் போகாது. கணக்கை வருடா வருடம் முடிக்கிற வழக்கமும் சேர்ந்துகொள்ள, ஏப்ரல் ஒன்றாம் தேதி புது ஃபோல்டர் போட்டுவிடுவார்கள். மார்ச் 31 நிலுவையைப் புதிய வருடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, யாராவது பழைய வருடத்தைத் திறந்து ஒரு பில்லைத் திருத்தியிருப்பார்கள். இரண்டும் பொருந்தாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் முடிவு இருப்பையும் தொடக்க இருப்பையும் அருகருகே வைத்து ஒரு தாள் எடு. பொருந்தாதவற்றை நீயே சரிசெய்துவிடாதே. கணக்குப்பிள்ளையிடம் கொடு, எது சரி என்று அவர் சொல்லட்டும்.

தமிழ்ப் பெயர்கள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கும். தமிழக அரசு 2010இல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது. கடைகளின் ஹார்ட் டிஸ்க் இன்னும் ஏற்கவில்லை. அந்த எழுத்துருக்களில் கொம்பு முன்னால் பதிவாகும், மெய்யெழுத்து பின்னால் வரும். யுனிகோடில் மெய் முன்னால், கொம்பு பின்னால். இதை விட்டால் செஞ்சி சிதைந்துபோகும், கோலியனூர் தேடினால் கிடைக்காது. மாற்றி முடித்ததும் ஊர்ப் பெயர்களை மட்டும் தனியாக அச்செடுத்து அந்த ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரைப் படிக்கச் சொல்.

பழைய நிரலில் காரணம் புரியாத வரி எதையும் கேட்காமல் நீக்காதே. நான் வேலை பார்த்த ஒரு மண்டியில் மூட்டைக்கு ஐம்பது காசு கழிக்கிற வரி ஒன்று இருந்தது. பில்லில் அதற்குத் தலைப்பு இல்லை, அரசு வரி எதோடும் சேரவில்லை. கேட்டபோது முதலாளி, “அது மகமைங்க” என்றார். கோயில் திருவிழாவுக்குக் கடை தொடங்கிய காலத்திலிருந்து பிடிக்கிற காசு. எழுதிய புரோகிராமர் ஊரை விட்டே போய்விட்டார், குறிப்பு ஒன்றும் வைக்கவில்லை, ஆனால் வருடா வருடம் அந்தக் காசு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிய சாஃப்ட்வேரில் அதற்கு ஒரு பெயரும் தனிக் கணக்கும் கொடுத்தோம்.

வரி விகிதத்தை நிரலுக்குள் எண்ணாக எழுதிவிடாதே. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது எத்தனையோ கடைகளின் சாஃப்ட்வேர் முடங்கியதற்குக் காரணம் அதுதான். 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் மறுபடி மாறின. எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று தனி டேபிள் வை. பழைய பில்லை என்றைக்கு அச்செடுத்தாலும் அன்றைய வரிதான் வரவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றிவிடலாம் என்ற ஆசை உனக்கும் வரும். பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் ஏறக்குறைய 50 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. அவ்வளவு பணமும் ஆட்களும் இருந்த இடத்திலேயே அப்படி. மார்ட்டின் ஃபவ்லர் 2004இல் எழுதிய வழி நமக்குப் பொருந்தும். ஆஸ்திரேலியக் காட்டில் வேறு மரத்தின் உச்சியில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடிக்கும் அத்தியைப் பார்த்து அவர் சொன்னது அது. விக்கிரவாண்டி தாண்டிப் போகும்போது பனைமேல் ஆல் வளர்ந்து நிற்பதை நீயும் பார்த்திருப்பாய். அதுபோல முதலில் அறிக்கைகளை மட்டும் புதியதிலிருந்து எடு, பிறகு வசூல், பிறகு பில். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். தினமும் மாலையில் இரண்டின் கூட்டுத்தொகையும் பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பார்.

பேக்அப் பற்றிச் சொல்ல 2024 டிசம்பர் 1 போதும். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. திண்டிவனமும் விழுப்புரமும் தண்ணீரில் நின்றன. மேஜைக்கடியில், தரையோடு தரையாக, கடையின் சர்வர் இருந்தால் என்ன ஆகும் என்று உனக்கு விளக்க வேண்டாம். பக்கத்து டிராயரில் இருக்கும் பென்டிரைவை பேக்அப் என்று சொல்லாதே, அதுவும் சேர்ந்து நனையும். ஒரு நகல் மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தும் பார்க்கவேண்டும். நெட் இல்லாத நேரத்திலும் கடை பில் போட ஒரு வழி வைத்துவிடு.

பணம், ஒப்பந்தம் பற்றிக் கொஞ்சம். டொமைனும் சர்வர் கணக்கும் வாடிக்கையாளர் பெயரில் இருக்கவேண்டும். சோர்ஸ் கோடை முழுப் பணம் வந்த அன்றே கொடுத்துவிடு. கோடைப் பிடித்து வைத்துக்கொண்டு வருடா வருடம் கடைக்காரரை மிரட்டிப் பணம் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைகள் இன்றுவரை வேறு யாரையும் நம்பத் தயங்குகின்றன. உன் வேலை நன்றாக இருந்தால் ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் தானாக வரும். சிறிய கடைக்கு டேலியே போதும் என்றால் போதும் என்று சொல்லிவிடு, அடுத்த வேலைக்கு அவரே ஆள் அனுப்புவார்.

மாற்றும் தேதியை ஏப்ரல் 1 என்று வைக்கச் சொல்வார்கள், வருடக்கணக்குக்கு வசதி என்பதால். நம் பக்கத்தில் தை முதல் சித்திரை வரை நெல்லும் மல்லாட்டையும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். கணக்குப்பிள்ளைக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஏப்ரலில் தொடக்க இருப்பை மட்டும் புதியதில் ஏற்றிக்கொள். பில் போடுவதை ஆடியில் மாற்று, கடை சாவகாசமாக இருக்கும், தப்பு வந்தால் கேட்கவும் திருத்தவும் பொழுது கிடைக்கும். அதற்கு முன், இருப்பு ஒப்பிடும் தாள் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. விழுப்புரம் வந்தால் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்