படத்தினின்று செய்நிரல்

விரல் நகத்தளவான நுண்கட்டுப்படுத்திச் சில்லுக்குச் செய்நிரல் எழுதப் புகும் மாணாக்கர் முதலில் மலைப்பது செய்நிரலைக் கண்டன்று; அதன் முன்னுள்ள ஆயத்தங்களைக் கண்டேயாம். எம்முனை உள்வாங்குவது, எம்முனை வெளிவிடுவது, துடிப்பின் மீடிறன் யாது என்பனவெல்லாம் சில்லின் பதிவகங்களில் எழுதப்படல் வேண்டும். எஸ்.டி.எம். 32 என்னுஞ் சில்லுக் குடும்பத்தை 2007 இல் வெளியிட்ட எஸ்.டி. மைக்றோ எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தார், இவ்வாயத்தத்தைப் படத்தின் வாயிலாகச் செய்தற்குக் 'கியூப் எம்.எக்ஸ்.' என்னுங் கருவியை இலவசமாக வழங்குகின்றனர்.

எப். 103 என்னுஞ் சில்லை எடுத்துக்கொள்வாம். பலகையிலுள்ள பளிங்கு 8 மெகாஹேர்ட்ஸ் துடிப்பைத் தருகின்றது. அதனை 9 ஆற் பெருக்க 72 ஆகும். இதுவே இச்சில்லின் மேலெல்லை. ஆயின் ஏ.பீ.பீ. 1 என்னும் பாதை 36 இற்கு மேல் ஏலாது. ஆதலின் அங்கே 2 ஆல் வகுத்தல் வேண்டும். எல்லை கடப்பின் கருவி அவ்வெண்ணைச் செந்நிறத்திற் காட்டும். மாணாக்கர் இடறுமிடம் ஒன்றுண்டு. அப்பாதையிலுள்ள டைமர்களுக்குச் செல்லுந் துடிப்பு 36 அன்று. அது இரட்டித்து 72 ஆகவே செல்லும். அதனை 7,200 ஆல் வகுக்க, செக்கனுக்கு 10,000 துடிப்புக் கிடைக்கும். ஒரு செக்கனை அளக்க 10,000 எண்ணினாற் போதும். எண்ணிக்கை பூச்சியத்திற் தொடங்குவதால் கட்டங்களில் 7199, 9999 என்றே இடுக.

'சிஸ்' என்னும் பகுதியில் 'சீரியல் வயர்' என்பதைத் தெரிய மறவற்க. 'நோ டீபக்' என்றிருக்க விட்டால், பிறந்த செய்நிரல் ஓடத் தொடங்கியதும் தான் வந்த வாயிலையே அடைத்துவிடும். மறுமுறை கணினி அழைத்தாற் சில்லு வாய்திறவாது. பழுதென்று எறிதல் வேண்டா. சில்லை ரீசெற் நிலையில் வைத்தபடியே இணைத்து, பழைய செய்நிரலை அழித்து மீட்கலாம்.

கருவி பிறப்பிக்கும் செய்நிரலில் 'யூசர் கோட் பிகின்', 'யூசர் கோட் எண்ட்' என்னும் குறிப்புக்கள் காணப்படும். நம் எழுத்து அவ்விரண்டுக்கும் இடையிலேயே அமைதல் வேண்டும். படத்தில் ஒரு முனையை மாற்றி மீண்டும் பிறப்பித்தால், வேலிக்குள் இருப்பது பிழைக்கும். வெளியே எழுதியது சொல்லாமல் மறையும். நாட்கணக்கான உழைப்பு ஒரு சொடுக்கிற் போய்விடுவது இதனாலேயே. பிறப்பிக்குமுன் ஒரு பிரதி எடுத்துவைப்பது நன்று.

கட்டுதற்கு 'மேக்பைல்' என்பதைத் தெரிந்திருப்பின், 'மேக்' என்னும் ஒரு கட்டளையே போதும். தொகுப்பி ஒவ்வொரு கோப்பையும் பெயர்க்க, இணைப்பி அவற்றைச் சேர்த்து முகவரி வகுக்கும். ஈற்றில் 'ஹெக்ஸ்', 'பின்' கோப்புக்கள் தோன்றும். அவற்றுள் ஒன்றைச் சில்லில் ஏற்றுக. 'நீலக் குளிசை' என வழங்கும் மலிவான பலகையில் விளக்குப் பெரும்பாலும் பீ.ஸீ. 13 முனையில் உளது. அது முனை தாழ்நிலையில் இருக்கும்போதே ஒளிரும், உயர்நிலையில் அணையும்.