தேவாலயமும் படகில் வந்ததுதான்

அன்புத் தம்பிக்கு,

சிம்பாங் அம்பாட்டில் பசியாற உட்கார்ந்த இடத்தில் தம்பியின் கட்டுரை கைக்கு வந்தது. படித்து முடிப்பதற்குள் தே தாரே ஆறிப்போனது. மியன்மாரிலிருந்து வந்த சின் குடும்பங்களைப் பங்குத் தேவாலயம் அரவணைத்த கதை. அகதிகள் அழுகிறார்கள், நன்றி சொல்கிறார்கள், மறுபடி அழுகிறார்கள். ஒருவராவது கூலிக்குப் பேரம் பேசவில்லை, யாரையும் திட்டவில்லை. சாப்பாடு போட்டவர்களுக்குத்தான் பெயரும் பதவியும் புகைப்படமும்.

அவர்கள் ஏன் முடங்கிக் கிடக்கிறார்கள் என்பதையாவது தம்பி சொல்லியிருக்கலாம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. ஐ.நா. அகதிகள் முகமையான யுஎன்எச்சிஆரின் அட்டை இருந்தாலும் சட்டப்படி வேலை கிடையாது. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடையாது. அட்டை பெற்றவர்களே 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். வேறு பள்ளிக்கூடம் இல்லாததால்தான் தேவாலய மண்டபத்தில் பாடம் நடக்கிறது. மூன்றாம் நாடு ஒன்று கூப்பிட்டால்தான் விடிவு. 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகள் சேர்ப்பை நிறுத்தியதும் அந்த வரிசையும் பெரும்பாலும் நின்றது.

அகதிகளுக்காகச் சபைகள் வாதாடுவது எப்படி என்று பார்க்கக் கனடாவுக்குப் போக வேண்டும். புலாவ் பீடோங் தீவில் வியட்நாமிய அகதிகள் நெரிந்து கிடந்த 1979இல், மெனோனைட் சபையார் அகதிகளை வரவழைக்க ஒட்டாவா அரசோடு முதல் ஒப்பந்தம் போட்டார்கள். செலவும் பொறுப்பும் சபைக்கு, அனுமதி அரசுக்கு. அதில் உருக்கம் கம்மி, கணக்கு வழக்கு ஜாஸ்தி.

இரண்டாவது குறையைக் கேட்டுக் கேட்டு இந்தக் கிழவனின் நண்பர்களுக்கே புளித்துப்போயிருக்கும். 'வந்தாரை வரவேற்கும் பினாங்குத் திருச்சபை' என்கிறார் தம்பி. அந்தத் திருச்சபை எங்கிருந்து வந்ததாம்? பூக்கெட்டில் துன்புறுத்தலுக்குத் தப்பிய கத்தோலிக்கர்கள் கோலக் கெடாவில் ஒதுங்கி, ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கொடியேற்றிய 1786 ஆகஸ்டிலேயே ஆயர் கார்னோவுடன் கடல் தாண்டி வந்து இறங்கினார்கள். மரியாளின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டி வந்ததால், லெபோ பார்குவாரில் நிற்கும் தேவாலயத்துக்கு அந்தப் பெயர்.

காலேஜ் ஜெனரல் குருமடத்தின் கதை இன்னும் நீளம். 1665இல் அயுத்தியாவில் தொடங்கியது. பர்மியப் படை வந்ததும் ஓட்டம். ஹோன் தாட் என்ற இடத்துக்குப் போனால் அங்கும் தாக்குதல். 1770இல் அது கரையேறிய இடம் எது? நம் புதுச்சேரிக்குப் பக்கத்து வீராம்பட்டினம்! மீனவர் குப்பத்தோரம் கீழை நாட்டுப் பையன்கள் லத்தீன் படித்திருக்கிறார்கள். பினாங்கு வந்து சேர்ந்தது 1808இல். பர்மியப் படைக்குத் தப்பிய குருமடம் இருக்கும் ஊருக்குத்தான் இன்று பர்மிய ராணுவத்துக்குத் தப்பிய சின் மக்கள் வருகிறார்கள். தம்பி அந்த வாசல் பக்கமே போகவில்லை.

நம்மவர் மட்டும் என்ன? 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, இந்த வட்டார ரப்பர் தோட்டங்களில், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு பெரியவர்கள் கிராணி வீட்டு வாசலில் நின்றார்கள். பால் வெட்டிக் கறை ஏறிய விரலால் கடுதாசியைத் தலைகீழாகப் பிடித்திருப்பார்கள். கிராணியைத் திட்டினார்கள், கெஞ்சினார்கள், கோழி கொண்டுவந்து கொடுத்தார்கள். பெர்மிட் கிடைக்காதவர்களில் பலர் 'ரஜூலா' கப்பலேறி இந்தியாவுக்கே போனார்கள். அவர்களைப் பற்றியும் அழுமூஞ்சியாக யாராவது எழுதியிருந்தால் இந்தக் கிழவன் அன்றைக்கே சண்டைக்குப் போயிருப்பான்.

இவ்வளவு ஏசிய பிறகு ஒன்று சொல்ல வேண்டும். கட்டுரையில் வரும் அந்தச் சின் பெண் அட்டையை ஐஸ் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தொழிற்சாலை விட்டு வரும்போது தெருவிளக்கு இல்லாத பக்கமாகவே நடக்கிறாள் அல்லவா, அந்தப் பத்தி! அப்படி நான்கு வரி எழுத இந்தக் கிழவனுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. தம்பியின் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்.

அடுத்த முறை அவளிடம் சம்பளம் எவ்வளவு, முதலாளி பிடித்துக்கொண்டது எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுதவும். பங்குச் சாமியாரின் படம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செய்தியாளர் ஒருவர்,
சிம்பாங் அம்பாட்