வாசல் வரை போய்த் திரும்பியவர்களைப் பற்றி: தியானம் பழக வரும் பிள்ளைகளுக்கு

என்னிடம் தியானம் பழக வரும் பிள்ளைகள் பலர், மூச்சைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, செத்துப் பிழைத்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். அரவிந்தர் ஆசிரமத்துச் சமாதியில் நெற்றியை வைத்துவிட்டு, கருவடிக்குப்பம் சித்தானந்தர் சன்னிதியிலும் உட்கார்ந்து வருகிறவர்கள் நிறைந்த புதுச்சேரியில் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். இத்தனை வருடம் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

1. ரமண மகரிஷியிடமிருந்து தொடங்குங்கள். 1896 ஜூலை, மதுரையில் சித்தப்பா வீட்டு மாடி. 16 வயதுப் பையன். காய்ச்சல்கூட இல்லை. திடீரென்று செத்துவிடப் போகிறோம் என்ற பயம் வந்து பிடித்துக்கொண்டது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை நீட்டி, உதட்டை இறுக மூடிப் பிணம்போலப் படுத்து, இந்த உடம்பு போனால் நானும் போய்விடுவேனா என்று உள்ளே பார்த்தார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். அதுவரை வீட்டில் கூடுதலாக வேலை சொன்னால் முணுமுணுத்தவர், கேலி செய்தால் எதிர்த்து நின்றவர், அதன்பின் சொன்ன வேலையைச் செய்தார், போட்டதைச் சாப்பிட்டார். ஆகஸ்ட் 29 அன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது அண்ணனுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டிய ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் கடிதத்தில் எழுதி, மீதி இரண்டு ரூபாயை அதோடு வைத்துவிட்டுப் போனார். மரணத்தையே நேருக்கு நேர் பார்த்த பையன் அந்த இரண்டு ரூபாய்க்கும் கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறான்! எனக்கு அந்த மாடி அறையைவிட இந்தக் கடிதம்தான் பெரிதாகத் தெரிகிறது.

2. காட்சிகளை வைத்துச் சண்டை போடாதீர்கள். ரேமண்ட் மூடி 1975-இல் எழுதிய புத்தகத்திலிருந்து சுரங்கப்பாதை, வெளிச்சம், இறந்துபோன உறவினர் என்று உலகம் பேசத் தொடங்கியது. நம் நாட்டில் சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் வட இந்தியாவில் 16 பேரின் அனுபவங்களை ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டார்கள். அவர்களில் பலர் எமதூதர்கள் கூட்டிப்போனதையும், ஏட்டைப் புரட்டிப் பார்த்த ஒருவர் ‘ஆள் மாறி வந்துவிட்டது, திருப்பி அனுப்பு’ என்றதையும் சொன்னார்கள். அவரவர் வளர்ந்த வீட்டில் கேட்ட கதைகளின் சாயல் காட்சியில் விழுகிறது என்றே நான் நினைக்கிறேன். அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் அதை மேலுலகத்தின் வரைபடமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

3. கேட்பதற்கு அவசரப்படாதீர்கள். இதயம் நின்று மீண்டவரின் படுக்கையருகே நின்று பார்த்தால் உங்களுக்குப் புரியும். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்ததில் விலா எலும்பு விண்விண்ணென்று வலிக்கும், இருமக்கூட முடியாது. சுவாசக் குழாய் எடுத்த தொண்டையில் குரல் எழும்பாது, காற்றுதான் வரும். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கட்டி வைத்திருந்த மணிக்கட்டில் துணியின் தடம் இருக்கும். இந்த நிலையில் இருப்பவரிடம் ‘என்ன பார்த்தீங்க’ என்று கேட்பது கொடுமை. அந்த முதல் நாட்களில் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ காலடியில் நிற்கிறார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். அது பெரும்பாலும் டெலிரியம் என்கிற குழப்பம், தெளிந்ததும் போய்விடும். அதை எடுத்துத் தரிசனம் என்று ஊரெல்லாம் பரப்பாதீர்கள்.

கடலோரக் குப்பத்து அண்ணன் ஒருவர் நினைவுக்கு வருகிறார். மீண்டு வந்து மூன்றாம் நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, அந்தக் காற்றுக் குரலில், ‘தம்பிக்கு ஆள் அனுப்பும்மா’ என்றார். வலைப் பங்கில் தகராறாகி இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருடம். தம்பி வந்தார், கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் தன் பங்குக் கஞ்சியை அவர் பக்கம் தள்ளினார். என்ன பார்த்தார் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

4. மாறுவதற்கு வருடங்கள் ஆகும். நெதர்லாந்தில் பிம் வான் லோமெல் குழுவினர் பத்து மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரைப் பின்தொடர்ந்து 2001-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அவர்களில் 62 பேருக்குத்தான் மரண விளிம்பு அனுபவம் இருந்தது. இரண்டு வருடம் கழித்தும் எட்டு வருடம் கழித்தும் திரும்பப் போய்க் கேட்டார்கள். மரண பயம் குறைவது, பிறர் மேல் பரிவு கூடுவது போன்ற மாற்றங்கள் எட்டாம் வருடத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. அனுபவம் இல்லாதவர்களும்கூட ஓரளவு மாறியிருந்தார்கள். மூன்று மாதம் உட்கார்ந்தும் மனசு அடங்கவில்லை என்று என்னிடம் அழுகிற தங்கச்சிகள் இதை நினைவில் வையுங்கள்.

5. சிலருக்கு அந்த அனுபவம் பயங்கரமாக இருக்கும். இருட்டு, தனிமை, கூச்சல். அதைப் பாவத்தின் சம்பளம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

6. பாரதியை வெறும் பாட்டாகப் படிக்காதீர்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தவர், குள்ளச்சாமி, கோவிந்தசாமி என்ற ஞானிகளை இங்கேதான் கண்டார். ‘பாரதி அறுபத்தாறு’ நூலில் மரணத்தை வெல்லும் வழி என்று ஒரு பகுதியே உண்டு. அதே நூலில் குவளைக்கண்ணன் என்ற நண்பரையும் புகழ்ந்திருக்கிறார். திருவல்லிக்கேணிக் கோயில் யானை பாரதியைத் தள்ளி வீழ்த்தியபோது, மதங்கொண்ட யானையின் காலடிக்குள் புகுந்து அவரைத் தூக்கி வந்தவர் இந்தக் குவளைக்கண்ணன்தான். யானை தள்ளியதால் பாரதி இறந்தார் என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். அது சரியல்ல. அவர் தேறி மீண்டும் சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குப் போனார். 1921 ஜூலை கடைசியில் ஈரோட்டுக் கருங்கல்பாளையம் வாசகசாலையில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்ற தலைப்பில் பேசினார். செப்டம்பரில் வயிற்று நோயால் போய்ச் சேர்ந்தார், வயது 38. யானையின் காலடியில் கிடந்து எழுந்தவருக்குக் கிடைத்த காலம் கொஞ்சம்தான். அதில் ஈரோடு வரை போய் மரணமில்லை என்று பேசியிருக்கிறார். குவளைக்கண்ணனையும் மறக்காதீர்கள். பிழைத்தவரின் கதையை நாம் கொண்டாடும்போது, இழுத்துக் கொண்டுவந்தவரை விட்டுவிடுகிறோம். ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும், நெஞ்சை அழுத்திக் கை சோர்ந்த நர்ஸையும் யார் நினைக்கிறார்கள்?

7. மீண்டவர்களுக்கு வேலை காத்திருக்கும். 1962 ஏப்ரலில் அரவிந்தர் ஆசிரமத்து ஸ்ரீ அன்னை உடல்நிலை மிக மோசமாகி, அனைவரும் அஞ்சிய நிலையிலிருந்து மீண்டார். அப்போதைய ஓர் இரவைப் பற்றி, அன்பே பெரும் துடிப்புகளாக எங்கும் பரவியதாகச் சொல்லியிருக்கிறார். அதன்பின் மாடி அறையை விட்டுக் கீழே வரவில்லை, ஆனால் வேலை நிற்கவில்லை. 1968 பிப்ரவரி 28 அன்று, 90 வயதில், அந்த அறையிலிருந்தே ஆரோவில் நகரின் சாசனத்தை வாசித்தார். அதே நாளில் ஆரோவில்லில் 124 நாடுகளின் மண் ஒரே கலசத்தில் சேர்ந்தது.

8. அனுபவத்தைத் தேடிப் போகாதீர்கள். மூச்சை அடக்கிப் பார்ப்பது, நாள் கணக்கில் பட்டினி கிடப்பது, போதை எதுவும் வேண்டாம். ரமணருக்கு அந்தப் பயம் தானாக வந்தது, அவர் வரவழைக்கவில்லை. அந்தப் பக்கம் அமைதி என்று கேட்ட கதைகளால், இந்தப் பக்கத்தை முடித்துக்கொள்ளலாமா என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், அதைத் தியானத்தால் தீர்க்கப் பார்க்காதீர்கள். அன்றைக்கே என்னிடமோ வீட்டிலோ சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். நண்பனுக்கு அப்படித் தோன்றினால் எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். அவன் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே அழைத்துப் போனை அவன் கையில் கொடுங்கள்.