மொபைல் ஸ்டார்ட்டர் அழைப்புக்கு இயங்கவில்லையா?

நிலக்கடலையில் விழுது இறங்கும் தருணம். இரவில்தான் மும்முனை மின்சாரம் வருகிறது. வீட்டிலிருந்தபடியே கைபேசியில் கிணற்று மோட்டாரை இயக்குகிறீர்கள். "மோட்டார் ஆன்" என்று பதிலும் வந்துவிடுகிறது. நிம்மதியாக உறங்கி, காலையில் சென்று பார்த்தால் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. அடுத்த முறை நீர் கிடைக்க இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். இப்பருவத்தில் ஈரம் குறைந்தால் காய்ப்பிடிப்பு குறையும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இத்தகைய நேரத்தில் நம்மவர்கள் முதலில் செய்வது சிம் கார்டை மாற்றுவது. அடுத்து, பெட்டியையே மாற்றுவது. இரண்டும் வீண் செலவாக முடிவதையே பெரும்பாலும் காண்கிறேன்.

உங்கள் அழைப்பு கோபுரம் வழியாகப் பெட்டியிலுள்ள சிம்மை அடைகிறது. பெட்டிக்குள் இருக்கும் சிறிய ரிலே, ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை நீங்கள் கையால் அழுத்தினால் என்ன நடக்குமோ அதையே செய்கிறது. உடனே காண்டாக்டர் இழுத்து மோட்டார் சுழல்கிறது. ஆகவே பழுது இரண்டில் ஒரு பக்கம்தான் இருக்க முடியும். பச்சைப் பொத்தானுக்கு முன்னா, பின்னா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. பெட்டியில் கைமுறைக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதை மாற்றிவிட்டு, பச்சைப் பொத்தானைக் கையால் அழுத்துங்கள். மோட்டார் ஓடினால் ஸ்டார்ட்டரும் மின்சாரமும் சரியாக உள்ளன. குறை கைபேசிப் பக்கம். ஓடாவிட்டால் சிம்மைத் தொடவே வேண்டாம்.

குறை கைபேசிப் பக்கம் என்றால்

கிணற்றடியில் நின்றுகொண்டு பெட்டியின் எண்ணை அழையுங்கள். காதில் கேட்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். "அணைத்து வைக்கப்பட்டுள்ளது" அல்லது "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது" என்று கேட்டால் சிம் கோபுரத்தைப் பிடிக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்து பெட்டி எடுக்காவிட்டால், சிம் உயிருடன் உள்ளது. உங்கள் எண்ணைத்தான் பெட்டி அறியவில்லை. புதிய எண்ணுக்கு மாறிவிட்டுப் பெட்டியில் பதிவு செய்ய மறந்தவர்கள் ஏராளம்.

கோபுரம் கிடைக்காமைக்குக் காரணங்கள் பல. ரீசார்ஜ் காலம் முடிந்திருக்கலாம். சிம்மில் பூட்டு எண் வைத்திருந்தால் பெட்டியால் அதைத் திறக்க இயலாது. ஒரு கைபேசியில் போட்டு நீக்கிவிட வேண்டும். பழைய பெட்டிகள் பல 2ஜி அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. ஆகவே அந்த சிம் உங்கள் கைபேசியில் நன்றாகப் பேசினாலும் அத்தகைய பெட்டியில் ஒருநாளும் வேலை செய்யாது. பெட்டி வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நலம்.

ஏரியலையும் கவனியுங்கள். இரும்புப் பெட்டிக்குள் ஏரியலை வைத்து மூடினால் அலை உள்ளே புகாது. அது வெளியே, உயரத்தில் இருக்க வேண்டும். அதன் ஒயரை எலியும் அணிலும் கடிப்பது சாதாரணம்.

குறுஞ்செய்தியில் இயங்கும் பெட்டிகளில் இன்னொரு வேடிக்கையான கோளாறு உண்டு. விளம்பரச் செய்திகள் சேர்ந்து சிம்மின் இடம் நிரம்பிவிட்டால், உங்கள் கட்டளை உள்ளே நுழைய இடமிருக்காது. மாதம் ஒருமுறை சிம்மைக் கைபேசியில் போட்டுப் பழைய செய்திகளை அழித்துவிடுங்கள்.

மின்சாரம் உள்ளபோது பேசும் பெட்டி, மின்சாரம் போனதும் ஊமையாகிவிட்டால் உள்ளிருக்கும் பேட்டரி நலிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஸ்டார்ட்டர் பக்கம் என்றால்

மூன்று முனையிலும் மின்சாரம் உள்ளதா என்று முதலில் பாருங்கள். ஒரு முனை இல்லாதபோது பெட்டி இயக்க மறுத்தால் அது பழுதல்ல, அதன் கடமை. அந்தத் தடுப்பை நீக்கிவிட்டு ஓட்டினால் காயில் கருகும். ஓவர்லோடு ரிலே விடுபட்டிருந்தால் மீண்டும் அழுத்தி விடலாம், ஆனால் ஒருமுறைதான். மறுபடியும் விடுபட்டால் மோட்டாரிலோ கேபிளிலோ காரணம் இருக்கிறது.

இனி மூடியைத் திறக்க வேண்டியிருக்கும். எறும்புக் கூட்டமும் பல்லியும் காண்டாக்டர் முனைகளுக்கிடையே சிக்கி இணைப்பைத் தடுப்பது மழைக்காலத்தில் அடிக்கடி நிகழ்கிறது. ஆனால் திறக்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ்களையும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு தோட்டத்தில் நான் மெயினை அணைக்காமல் மூடியைத் திறந்து ஒயரைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தேன். அதே நேரம் வீட்டிலிருந்த தோட்டக்காரரின் மகன், அப்பா மறந்துவிட்டார் என்று எண்ணி மோட்டாரை அழைத்துவிட்டார். என் விரலுக்கு ஓரங்குலத்தில் காண்டாக்டர் 'டக்'கென்று இழுத்தது. பழைய ஸ்டார்ட்டரில் ஆள் அருகில் வந்துதான் பொத்தானை அழுத்த முடியும். இதிலோ பதிவு செய்த எண் எந்த ஊரிலிருந்து அழைத்தாலும் இயங்கும். தானே இயங்கும்படி அமைத்திருந்தால் மின்சாரம் திரும்பியதும் யாரும் அழைக்காமலே இயங்கும். ஆகவே மெயினை அணைத்த பின்பும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டே கைவையுங்கள். மெயினுக்குள் வரும் ஒயர்களில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அதில் ஒயர்மேன் மட்டுமே கைவைக்கட்டும்.

பச்சைப் பொத்தானுக்கு மோட்டார் ஓடுகிறது, அழைப்புக்குப் பெட்டியும் பதில் தருகிறது, எனினும் நீர் வரவில்லை என்றால்? "ஆன்" என்ற பதில், பெட்டி தன் ரிலேயை இயக்கியதை மட்டுமே குறிக்கும் வகைகள் உண்டு. காண்டாக்டர் இழுத்ததா, நீர் ஏறியதா என்பது அதற்குத் தெரியாது. மோட்டார் இழுக்கும் ஆம்பியரையும் சேர்த்துச் சொல்லும் பெட்டியானால், நல்ல நாளில் ஓடும்போது வரும் அளவைச் சுவரில் எழுதி வையுங்கள். பிறகு ஆம்பியர் சுழியம் என்று வந்தால் மோட்டார் ஓடவில்லை. வழக்கத்தைவிட மிகக் குறைந்து வந்தால் கிணற்றில் நீரின்றி வெறுமனே சுழல்கிறது. உடனே நிறுத்திவிட்டு, காலையில் நீர்மட்டத்தையும் புட்வால்வையும் பாருங்கள்.