ஏழை மாணாக்கர் குடும்பங்களும் ஊரார் சகாயமும்

பிள்ளையை வித்தியாசாலைக்கு அனுப்புவதற்குச் சம்பளம் ஒன்றே தடையென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். சம்பளம் நீங்கின் தடையும் நீங்குமென்பது அவர் கொள்கை. காரியம் அத்துணை எளிதன்று. கூலி வேலையாற் பிழைக்கும் குடும்பத்திலே பத்து வயதுச் சிறுவன் உண்ணும் வாய் மாத்திரமல்லன். ஆடு மேய்ப்பவனும் அவனே, தாய் களையெடுக்கப் போனபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவனும் அவனே. அவனைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர், கட்டாத சம்பளத்தினும் பெரியதொரு செலவைச் செய்கின்றனர். இந்நட்டத்தை ஈடுசெய்ய உதவுவோர் யார், எவ்வாறு உதவுவது, உதவிபெறுவோர் நாணாவண்ணம் உதவுவது எங்ஙனம் என்பவற்றை நம் நாட்டுச் சரித்திரங் கொண்டே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1920-ஆம் ஆண்டிலே சென்னை நகரசபையார், பி. தியாகராயர் தலைமையில், ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியொன்றிற் பயிலும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தனர். தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் இது பரவிற்று. ஆரம்பக் கல்விக்குரிய பணத்தை உணவிற் செலவிடலாகாதென்று அந்நாளைய அரசாங்கத்தார் தடைசெய்ய, 1925-இல் ஏற்பாடு நின்றது. சில ஆண்டுகளில் மீண்டும் தொடங்கிற்று. பசித்த பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது கல்விச் செலவு, அப்பிள்ளையின் பசியை ஆற்றுவது கல்விச் செலவன்று என்ற அவ்வாதம் இன்று நமக்கு வியப்பைத் தருகின்றது. அந்நாளில் அது கணக்கறிந்தோர் பேச்சாகவே இருந்தது.

காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956-ஆம் ஆண்டு, பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவு ஏற்பாடு தொடங்கப்பெற்றது. ஆதியில் இது ஊராரின் கொடையையே நம்பி நின்றது. பின்னரே அரசாங்கம் பங்கு கொடுக்கலாயிற்று. ஒருவேளை உணவுக்கு 10 நயா பைசா என மதித்து, 6 பைசாவை அரசாங்கமும் 4 பைசாவை ஊராரும் ஏற்பதென்பது முறை. அந்நான்கு பைசாவைச் சிறிதென்று எண்ணற்க. அது நாணயமாக வந்ததைக் காட்டிலும் களத்து நெல்லாகவும், தோட்டத்துக் கத்தரிக்காயாகவும், விறகாகவும், சமைப்பதற்கொரு கொட்டகையாகவும் வந்ததே மிகுதி. உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்திற் சேர்க்கும் பழைய வழக்கம் நம் தாய்மார்க்குத் தெரிந்ததே. தானும் கூலிக்குப் போகும் ஒருத்தி அங்ஙனம் பிடியரிசி கொடுக்கும்போது, அவள் தருமம் செய்வாளல்லள், பந்தியிற் பங்காளியாகின்றாள்.

1958-ஆம் ஆண்டு செங்கற்பட்டு ஜில்லாவைச் சார்ந்திருந்த கடம்பத்தூரில் முதலாவது பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு இவ்வியக்கத்தைக் கண்ணுங் கருத்துமாக நடத்தினார். பள்ளிக்கு வேண்டும் பலகை, நாற்காலி, நிலப்படம், உடை, மனை, பணம் முதலியவற்றை ஊரார் பலர் முன்னிலையில் அளித்தனர். இக்காலத்தும் சில கிராமங்களிலே ‘கல்விச்சீர்’ என்று பெயரிட்டு, தாய்மாமன் சீர் கொண்டுசெல்லுமாப்போலத் தட்டுகளில் பொருள்களை ஏந்தி, மேளதாளத்துடன் பள்ளிக்குச் செல்கின்றனர். இதிலே நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கொடுப்போர் பெயர் மொய்யெழுதுவது போல உரக்கப் படிக்கப்படலாம். அதில் தவறில்லை, சிறிது பெருமை விரும்பாத கொடையாளி அரியர். பெறுவோர் பெயரோ எங்கும் இல்லை. பெற்றுக்கொள்வது பள்ளி, பயனடைவது இன்ன வீட்டுப் பிள்ளையென்று யாரும் அறியார்.

இதன் அருமை எமக்கு ஒருமுறை புலப்பட்டது. ஒரு பள்ளியின் ஆண்டுவிழாவில், எம்மவர் சிலர் பணஞ் சேர்த்து வாங்கிய குறிப்பேடுகளை வறிய மாணாக்கருக்கு மேடையில் வழங்கினோம். பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. மூன்றாவது பெயருக்குரிய சிறுவன் தூணருகே நின்றிருந்தும் வந்திலன். இருமுறை அழைத்தபின் அவன் தாய் வந்து வாங்கிக்கொண்டாள். முந்தானையால் அதை மூடிக்கொண்டு போனாள். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லையென உபாத்தியாயர் சொன்னார். அவனைப் பள்ளியில் நிறுத்தவென்று நாம் செய்த காரியம் இது!

ஊரார் உதவியையே முழுதும் நம்புவதிலும் குறையுண்டு. மழை பொய்த்த ஆண்டில் பிள்ளைகளின் பசி பெருகும். அதே ஆண்டில் ஊராரின் கலயமும் வெறுமையாகும். தேவை மிகுந்த இடத்திற் கொடை குறைவதே இயல்பு. ஆதலின் அரசாங்கம் பெரும்பாரத்தை ஏற்றல் நியாயமே. எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் 1982-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சத்துணவுத் திட்டம் கிராமங்களில் விரிவாகத் தொடங்கிற்று. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையிலே காலையுணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டில் அரசினர் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுள் வறியவர் இவர், அல்லாதவர் இவர் என்று அது பிரிப்பதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் உணவிடுவது வீண்செலவென்பார்க்கு நாம் விடைகூறுவது, அப்பிள்ளையும் உடனிருந்து உண்பதனாலேயே மற்றவன் தலைகுனியாது உண்கின்றான் என்பதே.

அங்ஙனமாயின் ஊரார்க்கு இனி வேலையில்லையோ? உண்டு. பெருந்திட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவை பல. கரும்பலகை மங்கலாகத் தெரிவதை வீட்டிற் சொல்ல அஞ்சும் சிறுமிக்கு மூக்குக்கண்ணாடி. தந்தை நோயுற்றதனால் வேலைக்குப் போகத் தொடங்கிய எட்டாம் வகுப்பு மாணவன் வீட்டுக்கு இரண்டு மாத அரிசி. இவற்றை அறிபவர் அண்டைவீட்டாரும் வகுப்பாசிரியருமே. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், அரசினர் பள்ளிகளிலும் அரசினர் உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைக்க விதித்துள்ளது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் அவர்தம் விகிதப்படி இடமுண்டு. ஆகவே கூலிக்குப் போகும் தாயொருத்தி உதவிகேட்டு வாயிலில் நில்லாமல், உதவி எவ்வாறு செல்லவேண்டுமென்று உள்ளேயிருந்து சொல்லலாம். குழுக்கூட்டத்தை வேலைநாளின் நண்பகலில் வைத்தால் அவள் ஒருநாட் கூலியை இழந்தே வரல்வேண்டும். அந்நேரத்தை மாற்றுவதற்குப் பணம் வேண்டுவதில்லை.

மேற்கூறிய பள்ளியிலே அடுத்த ஆண்டு நாம் மேடையேறவில்லை. பள்ளி திறக்கும் நாளன்று, முதல் மணி அடிக்குமுன், ஒவ்வொரு பிள்ளையின் இடத்திலும் இரண்டு குறிப்பேடுகள் வைக்கப்பட்டன. செலவு முன்னையினும் மும்மடங்காயிற்று. அதற்காக வசதியுள்ள பெற்றோர் சிலரையும் பங்குகேட்டோம், கொடுத்தனர். தூணருகே நின்ற சிறுவன் அப்பொழுது ஏழாம் வகுப்பில் இருந்தான். ஏடுகளில் ஒன்றின் மூலை மடிந்திருக்கிறதென்று சொல்லி, உபாத்தியாயரிடம் மாற்றித் தரும்படி கேட்டான்.