அணைந்து அணைந்து போகும் பைலட்
நம்பிக்கைகளும் உண்மைகளும்

“அண்ணை, தேர்மோகப்பிளை மாத்தியும் பாத்தாச்சு. பிறகும் நூந்து போகுது.”

குளிர் தொடங்கியதும் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கேட்கிற முறைப்பாடு இது. பேஸ்மென்டில் நிற்கும் காஸ் ஸ்டோவ், வரவேற்பறையின் காஸ் ஃபயர்பிளேஸ் எதுவானாலும், பழைய மாடல் என்றால் அதற்குள் இரவுபகலாக ஒரு சின்னச் சுடர் எரியும். அதுதான் பைலட். அது அணைந்தால் ஹீட்டர் முழுவதும் முடங்கிவிடும். உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எதை மாற்றலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்போது அணைகிறது என்று கேட்பவர் அரிது. பாதி விடை அதில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: பைலட் அணைந்தால் தேர்மோகப்பிள் போய்விட்டது.

பல தடவை உண்மை. அதனால்தான் மற்றத் தடவைகளில் ஏமாற்றுகிறது. தேர்மோகப்பிள், சுடருக்குள் நுனியை நீட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய உலோகக் குச்சி. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடத்தைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும். 1821இல் தோமஸ் சீபெக் கவனித்த விளைவு இது. பிறப்பது வெறும் 25, 30 மில்லிவோல்ட். ரிமோட்டில் போடுகிற பற்றரியின் அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் வால்வுக்குள் இருக்கும் மின்காந்தத்தைப் பிடித்து வைக்க அது போதும். சுடர் அணைந்தால் நுனி ஆறும், காந்தம் விடும், வால்வு மூடிக்கொள்ளும். எரியாத காஸ் வீட்டுக்குள் பரவாமல் தடுப்பது இந்த ஏற்பாடுதான்.

பற்றவைக்க அழுத்திய குமிழிலிருந்து கையை எடுத்த மறுகணமே அணைகிறதா? அப்போது தேர்மோகப்பிளைச் சந்தேகிக்கலாம். கடைக்கு ஓடுமுன் தரையில் படுத்து, டோர்ச் அடித்துச் சுடரைப் பாருங்கள். நல்ல பைலட் நீலமாக, அசையாமல், குச்சியின் நுனியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரைச் சுற்றி எரியும். மஞ்சளாக, சோம்பலாக, நுனியைத் தொட்டும் தொடாமலும் ஆடினால், புதுக் குச்சி போட்டாலும் இதே கதைதான். அழுக்கு பைலட்டின் துளையில் இருக்கிறது. குச்சியின் மறுமுனை வால்வில் பொருந்தும் நட்டு தளர்ந்திருந்தாலும் இந்தச் சொற்ப மின்சாரம் போய்ச்சேராது. அதைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று திருப்பினால் போதும். ஸ்பானர் போட்டு முறுக்கியே பல தேர்மோகப்பிள்கள் செத்திருக்கின்றன.

பெரிய நெருப்பு பிடித்து, ஐந்து பத்து நிமிடம் ஒழுங்காக எரிந்து, பிறகு பைலட்டோடு சேர்ந்து அணைந்தால் குற்றவாளி பெரும்பாலும் வேறு. கண்ணாடி மூடிய டைரக்ட் வென்ட் வகையில் குழாய்க்குள் குழாய் இருக்கும். உள்ளே இருப்பது புகையை வெளியேற்றும், வெளியே இருப்பது புதுக்காற்றைக் கொண்டுவரும். உள்குழாயின் மூட்டு கழன்றாலோ, சுவருக்கு வெளியே இருக்கும் வாயைப் பனி மூடினாலோ, போன புகையே காற்றாகத் திரும்பி வரும். ஒட்சிசன் குறைந்து நெருப்பு மூச்சுத்திணறும். கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சரியாகப் பூட்டாமல் விட்டாலும் காற்றோட்டம் குழம்பும். காற்றடிக்கிற இரவுகளில் மட்டும் அணைந்தால் வெளிவாயைப் பாருங்கள். ஃபர்னஸும் சுடுநீர்த் தொட்டியும் ஒன்றாக எரியத் தொடங்கும்போது பைலட் சுருங்கினால் அது காஸ் அழுத்தத்தின் பிரச்சினை. அதில் நாம் கைவைக்கக் கூடாது.

நம்பிக்கை: கோடையில் பைலட்டை அணைத்தால் ஸ்டோவ் கெட்டுவிடும்.

கெடாது. மணிக்கு 900 பிரிட்டிஷ் வெப்ப அலகு எரிக்கிற பைலட், மே முதல் செப்டம்பர் வரை சும்மா எரிந்தே 90 கன மீட்டருக்கு மேல் காஸைத் தின்றுவிடும். வெயில் காலத்தில் வீட்டைச் சூடாக்கிவிட்டு, அதைக் குளிராக்க ஏசிக்கும் காசு கட்டுகிறோம். ஆனால் அணைத்து வைப்பதற்கும் ஒரு விலை உண்டு: சூடில்லாத பைலட் குழாய்க்குள் தூசி படியும், சிலந்தி குடியேறும். சிலந்தியைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். 2011இல் மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் மஸ்டா6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே எரிபொருள் தொட்டியின் காற்றுக்குழாயில் சிலந்தி கட்டிய வலைதான்.

இலையுதிர் காலத்தில் காஸை மூடி, எல்லாம் ஆறிய பிறகு, கணினி விசைப்பலகைக்கு அடிக்கிற டப்பாக் காற்றைப் பைலட்டின் காற்றுத்துளைக்குள் அடியுங்கள். ஊசியோ கம்பியோ விடவேண்டாம். மயிரிழை போன்ற அந்தத் துளை கொஞ்சம் பெருத்தாலும் சுடரின் அளவு என்றைக்குமாகக் கெடும்.

“குளிருக்குக் காஸ் உறைஞ்சுபோச்சு” என்பதும் அடிக்கடி காதில் விழும். ஒன்ராறியோ வீடுகளுக்குக் குழாயில் வருவது பெரும்பாலும் மீதேன். அது திரவமாகவே மைனஸ் 161 பாகைக்குப் போகவேண்டும். இந்தப் பயம் ஊரின் சிலிண்டரிலிருந்து வந்திருக்கலாம். அதிலுள்ள பியூட்டேன் பூச்சியத்துக்குக் கிட்டவே ஆவியாவதை நிறுத்திவிடும். கொட்டேஜில் இருக்கும் புரொப்பேனுக்கும் எல்லை மைனஸ் 42. உண்மையில் ஐஸ் பிடிப்பது வெளியே இருக்கும் ரெகுலேட்டரின் மூச்சுத்துளையில்.

நம்பிக்கை: அணைந்தால் உடனே பற்றவைக்கலாம், பத்து விநாடி அழுத்தினால் போதும்.

இரண்டும் தவறு. குறைந்தது ஐந்து நிமிடம் பொறுத்து, தரைமட்டத்திலும் மோந்து பாருங்கள். புரொப்பேன் காற்றைவிடப் பாரமானது, கீழே தேங்கும். அழுகிய முட்டை வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து தொலைபேசி எடுங்கள். வாடை இல்லையென்றால் பற்றவைத்து, குமிழை 30 முதல் 60 விநாடி அழுத்திப் பிடியுங்கள். நுனி சூடாக அவ்வளவு நேரம் வேண்டும்.

கரன்ட் போனால் ஹீட்டரும் நின்றுவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. பைலட் எரிகிற பழைய மாடல்களில் பல, தேர்மோபைல் என்ற பெரிய சகோதரன் தருகிற சில நூறு மில்லிவோல்ட்டிலேயே முழுதாக இயங்கும். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறொன்ரோ நாட்கணக்கில் இருண்டு கிடந்தபோது இத்தகைய ஸ்டோவ்கள் எரிந்தன. காற்றாடி மட்டும் சுழலாது.

நம்பிக்கை: சமையலுக்கும் பைலட்டுக்கும் தொடர்பில்லை.

நம் வீடுகளில் நிறையவே உண்டு. மீன் பொரிக்கும்போது அடுப்புக்கு மேலிருக்கும் காற்றாடியை முழு வேகத்தில் விடுகிறோம். குளியலறைக் காற்றாடி, துணி உலர்த்தும் இயந்திரம் எல்லாமே வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகின்றன. யன்னல் எல்லாம் இறுக்கி மூடிய வீடு அந்தக் காற்றை எங்கிருந்தாவது உள்ளே இழுக்கவேண்டும். புகைபோக்கியை நம்பி இயங்கும், கண்ணாடி அடைக்காத ஹீட்டராக இருந்தால், இலகுவான வழி அந்தப் புகைபோக்கிதான். மேலே போகவேண்டிய புகை கீழே வரும். இத்தகைய ஹீட்டர்களில் புகை வெளியேறும் வாய்க்கருகே நாணயமளவில் ஒரு சுவிட்ச் இருக்கும். சூடான புகை அறைக்குள் வழிந்தால் அது இணைப்பை அறுத்துவிடும். சில மாடல்களில் பைலட்டே அணையும்.

இங்கேதான் ஆபத்தான வைத்தியம் ஒன்று நடக்கிறது. கைவேலை தெரிந்த ஒருவர் வந்து, அந்தச் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார். பைலட் பிறகு அணையாது. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். சுவிட்ச் பிடித்துக்காட்டிய புகை மட்டும் தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருக்கும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டாக் நகரில், காஸ் ஃபயர்பிளேஸின் புகைவழி அடைபட்டு அந்த வாயு உள்ளே திரும்பியதில், ஹாக்கின்ஸ் குடும்பத்தின் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் நால்வரும் இறந்தார்கள். வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. 2013இல் நிறைவேறிய ஹாக்கின்ஸ்–கிக்னாக் சட்டம் அவர்கள் பெயரைத் தாங்கியிருக்கிறது.

காஸில் எரியும் எதுவும் இருக்கிற வீட்டில், படுக்கையறைகளுக்கு அருகே அந்தக் கருவி இருக்கவேண்டும் என்பது இப்போது ஒன்ராறியோவில் சட்டம். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருந்தால் அங்கேயும் ஒன்று பூட்டவேண்டியது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு.