கருவியோடு கைமாறும் பொறுப்பு

வேலணைத் தீவின் சரவணையில் ஒருவர் சிறிய மருந்துக்கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீனி பார்க்கும் ஊசி, சிறிஞ்சு, நெபுலைசர் முகமூடி எல்லாம் விற்கிறார். அவற்றில் ஒன்றால் ஒருவருக்குக் கிருமித் தொற்று வந்தால் யார் பதில் சொல்வது? "செய்த கொம்பனிதானே" என்போம். நீதிமன்றங்கள் அவ்வளவு இலகுவாக விட்டுவிடுவதில்லை.

தோல் வியாபாரத்துக்குப் பெயர்போன வாணியம்பாடியை நம்மில் பலர் அறிவோம். அங்கே ஒரு பல் மருத்துவ நிலையத்துக்குப் போய்வந்தவர்களில் எட்டுப் பேர் 2023ஐ ஒட்டிய மாதங்களில் மூளைத் தொற்றால் இறந்தனர். 2025இல் வெளியான ஆய்வு காரணத்தைச் சொன்னது. சலைன் போத்தலைக் கிருமி நீக்காத கருவியால் திறந்து, சரியாக மூடாமல், அதையே அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பாவித்திருக்கிறார்கள்.

இப்படியான தொற்று வழக்குக்குப் போனால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்ததைப் பாருங்கள். பித்தக்குழாயைப் பார்க்கும் எண்டோஸ்கோப் வழியாகத் தொற்று பரவி நோயாளிகள் இறந்தனர். 2017இல் ஜூரிகள், கருவியின் வடிவமைப்பில் குற்றம் காணவில்லை. ஆனால் போதிய எச்சரிக்கை கொடுக்கவில்லை என்று, தயாரித்த ஒலிம்பஸ் கொம்பனி வைத்தியசாலைக்கு 66 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டும் என்றனர். வைத்தியசாலையும் தப்பவில்லை. இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு அது 10 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. தொற்று பற்றிய தகவல்களை உரிய முறையில் அதிகாரிகளுக்கு அறிவிக்காத குற்றத்தை ஒலிம்பஸின் துணை நிறுவனம் 2018இல் ஒப்புக்கொண்டது. அதற்கான தண்டமும் பறிமுதலும் சேர்ந்து 850 இலட்சம் டொலர்.

நமது நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் மருந்தை மட்டுமல்ல, மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்துகிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, இன்ன தேவைக்கு என்று சொல்லி, நம்மை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆகவே வாங்கியவர் முதலில் வந்து நிற்பது நமது கடை வாசலில்தான். நாம் மேலே மொத்த வியாபாரியைக் காட்டுவதற்குக் கையில் ஆதாரம் வேண்டும்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை நான்கு:

1. பதிவுள்ள கருவியையே வாங்குங்கள். பில்லில் பட்ச் நம்பர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2. ஒருமுறை மட்டும் பாவிக்க வேண்டிய பொருளின் உறை பிரிந்திருந்தால் அதை விற்காதீர்கள். திருப்பிக் கொண்டுவந்தாலும் மீண்டும் தட்டில் அடுக்காதீர்கள்.

3. சுத்தம் செய்யும் முறைபற்றிய தாளைப் பெட்டியோடு கொடுங்கள். வாங்குபவருக்குப் புரியும் தமிழில் வாயாலும் சொல்லுங்கள்.

4. முறைப்பாடு வந்தால் திகதியோடு எழுதிவைத்து, அந்தத் தொகுதியின் விற்பனையை நிறுத்தி, தந்தவருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

காயம், இழப்புக்கான நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் சார்ந்த வழக்குக்கு ஆறு வருடம். எனவே பில்களை ஆறு வருடம் பத்திரமாக வைத்திருங்கள்.

சரவணைக் கடைக்காரர் எண்டோஸ்கோப் விற்கப்போவதில்லை. ஆனால் அவர் விற்கும் பத்து ரூபாய் ஊசியையும் ஒருவர் உடம்பை நம்பிக் குத்திக்கொள்கிறார். அந்த நம்பிக்கை நம்மிடம் உள்ள அமானிதம்.